பிளஞ்ச் ஸாவின் கைடு ரெயிலை அறுத்துக் குறைக்கும் முறை

பிளஞ்ச் ஸா என்பது, பலகையின் மேல் வைத்த நீண்ட வழிகாட்டிச் சட்டமான கைடு ரெயிலில் வழுக்கி ஓடி, பிளேடைக் கீழே இறக்கி நேராக வெட்டும் மின்ரம்பம். அதற்கான அலுமினிய கைடு ரெயிலைக் குறுக்கே அறுப்பது, அறுப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால், ஜன்னல் செக்ஷன் அறுக்கத் தெரிந்த எவரும் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய வேலைதான். சிக்கல் அறுத்த பிறகுதான் தொடங்குகிறது. ரெயிலின் முதுகில் நீளவாக்கில் ஓடும் மேட்டில் மெஷின் முன்போலவே தடங்கலின்றி ஏற வேண்டும். டி வடிவக் காடிக்குள் கிளாம்ப்பும், இரண்டு ரெயில்களைச் சேர்க்கும் இணைப்புக் கம்பியும் உரசாமல் நுழைய வேண்டும். விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டை, பிளேடு ஓடும் கோட்டை விட்டு விலகாமல் நிற்க வேண்டும். இவை சரியாக இருந்தால், அறுத்த முனை அரைப் பாகை சாய்ந்திருந்தாலும் ரெயிலின் வேலை கெடாது. இவற்றில் ஒன்று கெட்டாலும், முனை எவ்வளவு துல்லியமாகச் செங்கோணத்தில் நின்றாலும் பயனில்லை. ஆகவே அறுப்பைவிட, அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

அறுக்கத்தான் வேண்டுமா?

பிளைவுட் ஷீட்டின் வழக்கமான அளவு எட்டுக்கு நான்கு அடி, அதாவது 2440 × 1220 மில்லிமீட்டர். பிளேடு பலகையைத் தொடுவதற்கு முன்பே மெஷினின் அடித்தட்டு ரெயிலின் மேல் ஆட்டமின்றி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதாலும், வெட்டு முடியும் இடத்தில் மெஷினின் முன்பகுதிக்குத் தாங்கல் வேண்டும் என்பதாலும், பலகையின் அகலத்தைவிட ரெயில் கூடுதல் நீளமாகவே இருக்க வேண்டும். 1220 அகலத்துக்கு 1400 மில்லிமீட்டர் ரெயில் போதும் என்பது நடைமுறைக் கணக்கு. ஷீட்டின் முழு நீளத்துக்கும் கிழிக்க வேண்டுமானால் 2700 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தேவை. உங்கள் மெஷினின் அடித்தட்டு நீளமானதாக இருந்தால் இந்தக் கணக்கில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

3000 மில்லிமீட்டர் ரெயிலை ஒரே துண்டாக வாங்கியவர்கள் அதை அறுக்க நினைப்பதற்குப் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட்தான் காரணமாகிறது. மூன்று மீட்டர் ரெயில் அதற்குள் நிற்காது, சிறிய காருக்குள்ளும் படுக்காது. மாடிப்படி வழியாகத் தூக்கிச் செல்லும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் முனை சுவரில் இடிக்கும். இடிபட்ட முனை கோணிப்போனதால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிய வேண்டியிருப்பதும் நியாயமான காரணமே. முனையில் நெளிந்த நூறு மில்லிமீட்டரைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதைவிட அறுத்துத் தள்ளுவது எப்போதும் நல்லது. தட்டி நிமிர்த்திய மேடு மெஷினை அந்த இடத்தில் ஒருமுறை இறுக்கும், அடுத்த முறை ஆடவிடும்.

ஒரே பட்டறையில் சுவரில் மாட்டிவைத்துப் பயன்படுத்தும் நேரான நீள ரெயிலை மட்டும் அறுக்க வேண்டாம். இணைப்பே இல்லாத ஒற்றை ரெயிலின் நேரான தன்மையை இணைத்த ரெயிலில் பெற முடியும், ஆனால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் சரிபார்த்துப் பெற வேண்டியிருக்கும். அதேபோல் கையிலிருக்கும் ஒரே 1400 ரெயிலை 800, 600 என்று பிரிப்பதும் வீண். ஷீட்டைக் குறுக்கே வெட்டும் திறனை இழந்து, கடையில் தனியாகக் கிடைக்கும் சிறிய ரெயிலைப் பெறுகிறீர்கள். ஃபெஸ்டூல் நிறுவனம் 800 முதல் 3000 மில்லிமீட்டர் வரையிலும் அதற்கு மேலும் பல நீளங்களில் ரெயில் விற்கிறது. பாஷ் நிறுவனத்திடம் 800, 1100, 1600, 3100 போன்ற அளவுகள் உள்ளன. அறுப்பதற்கு முன் இவற்றின் விலையையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த இடத்தில் அறுப்பது

சரிபாதியாக அறுப்பதுதான் முதலில் தோன்றும். அதனால் கிடைப்பது ஒரே நீளமுள்ள இரண்டு ரெயில்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். சமமற்ற துண்டுகளே பயன்மிக்கவை என்பது என் கருத்து. 3000 ரெயிலை 1900, 1100 என்று பிரித்தால், சிறியது சமையலறை கேபினெட்டின் 600 மில்லிமீட்டர் ஆழப் பலகைகளுக்குக் கைக்கு அடக்கமாக இருக்கும், பெரியது ஷீட்டைக் குறுக்கே வெட்டுவதற்கும் அதைவிட நீண்ட வெட்டுகளுக்கும் பயன்படும், இரண்டையும் இணைத்தால் எட்டடி நீளமும் கிடைக்கும். தூக்கிச் செல்லும் வசதிதான் முதன்மை என்றால் 1600, 1400 என்று பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் பெரிய துண்டின் நீளத்தை உங்கள் வண்டியையும் லிஃப்டையும் அளந்து பார்த்த பிறகே முடிவுசெய்யுங்கள். கேட்லாக்கில் இருக்கும் நீளத்துக்கே வெட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மூன்று துண்டுகளாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு இணைப்புகள் உள்ள ரெயிலில், ஒவ்வொரு இணைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத சாய்வு சேர்ந்து, கடைசியில் வெட்டில் வளைவாகத் தெரியும்.

ரெயிலின் நீளத்தில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் வரிசையாக உள்ள வகை ஒன்று உண்டு. அலமாரித் தட்டுகளைத் தாங்கும் சிறு ஆணிகளுக்கு, மரத்தைக் குடையும் மெஷினான ரூட்டரால் துளையிட அது பயன்படுகிறது. அதை அறுக்கும்போது இரண்டு துளைகளுக்குச் சரியாக நடுவே கோடு போட வேண்டும். பிளேடு தின்னும் சுமார் 3 மில்லிமீட்டரை, பின்னர் இணைக்கும்போது இரு முனைகளுக்கும் நடுவே அதே அளவு இடைவெளியாக விட்டால், இணைப்பைத் தாண்டியும் துளைகளின் 32 மில்லிமீட்டர் கணக்கு பிசகாது. முனைகளை முட்டவைத்துப் பூட்டினால் அந்த 3 மில்லிமீட்டர் காணாமல் போகும், தட்டு சாய்ந்து உட்காரும்.

அறுப்பதற்கு முன் மறக்கக் கூடாத ஒரு வேலை

முழு நீள ரெயில் என்பது வெட்டும் வழிகாட்டி மட்டுமல்ல, பெரும்பாலான பட்டறைகளில் இருப்பவற்றிலேயே நீளமான நேர்கோடும் அதுதான். அதை அறுத்துவிட்ட பிறகு, இரண்டு துண்டுகளையும் நேராக இணைத்துள்ளோமா என்று சரிபார்க்க உங்களிடம் எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே அறுப்பதற்கு முன்பே அந்த ரெயிலைக் கொண்டே 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது நல்ல பிளைவுட்டில் எட்டடி நீளம், நூற்றைம்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையைக் கிழித்து, நேர்மட்டமாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டை உண்மையிலேயே நேரா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு ஷீட்டின் மேல் பட்டையை வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் முழு நீளத்துக்கும் கோடு இழுங்கள். பிறகு பட்டையைப் படுக்கை வாட்டிலேயே தலைகால் மாற்றித் திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபுறத்திலிருந்து ஒட்டிவைத்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே படிந்தால் விளிம்பு நேர். நடுவில் பிரிந்து இரு முனைகளிலும் கூடினாலோ, நடுவில் கூடி முனைகளில் பிரிந்தாலோ விளிம்பில் வளைவு உள்ளது. கோடுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியில் பாதிதான் உண்மையான வளைவு. பட்டையைச் சுவரில் சாய்த்துவைக்காமல் படுக்கையாக வைத்துக் காப்பாற்றுங்கள்.

பட்டைகளையும் மூடிகளையும் நீக்குதல்

ரெயிலின் முனைகளில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் முதலில் கழற்றிவிட வேண்டும். ரெயிலில் பொதுவாக மூன்று விதமான பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும்: வெட்டும் விளிம்பில் பிசிர் எழாமல் தடுக்கும் ரப்பர் பட்டை, மேற்புறத்தில் மெஷின் வழுக்கி ஓடுவதற்கான மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, அடியில் பலகையின் மேல் ரெயில் நழுவாமல் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பட்டை. மேலே உள்ள மெல்லிய பட்டையை அலுமினியத்தோடு சேர்த்தே அறுக்கலாம். அதனால் தீங்கு வராது. மற்ற இரண்டையும் அப்படி அறுக்கக் கூடாது. ரப்பர் சூட்டில் இளகி பிளேடின் பற்களில் அப்பிக்கொள்ளும், ஸ்பாஞ்ச் கிழிந்து சுருளும். அதைவிட முக்கியமாக, ஸ்பாஞ்சின் மேல் நிற்கும் ரெயிலைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அது ஒரு பக்கம் அமுங்கி, ரெயிலே சாய்ந்துவிடும்.

அறுக்கும் கோட்டைக் குறித்தவுடன் கூரிய கத்தியால் அந்த இடத்தில் ரப்பர் பட்டையையும் ஸ்பாஞ்ச் பட்டையையும் குறுக்கே வெட்டி, கோட்டின் இருபுறமும் சுமார் நூறு மில்லிமீட்டர் வரை மட்டும் மெதுவாக உரித்து மடித்து, மாஸ்கிங் டேப்பால் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். முழுவதையும் உரித்தெடுக்கத் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலும் தூசும் பட்டுப் பசை காய்ந்துபோன பட்டையாக இருந்தால், இந்த வாய்ப்பிலேயே முழுவதையும் உரித்துவிட்டுப் புதியதை வாங்கிவைப்பது நல்லது. பழைய பட்டை மறுபடி ஒட்டாது. உரிக்கும்போது ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டினால் பசை இளகி, பட்டை இழுபடாமல் வரும். ரப்பர் பட்டையை இழுத்து நீட்டிவிட்டால் திரும்ப ஒட்டியதும் மெல்ல மெல்லச் சுருங்கி, முனையில் இடைவெளி விடும்.

எதைக் கொண்டு அறுப்பது

மிகச் சிறந்த கருவி அலுமினியத்துக்கான கார்பைடு பிளேடு மாட்டிய மைட்டர் ஸா, அதாவது மேசையில் நின்று, மேலிருந்து பிளேடை இறக்கிக் குறுக்கே அறுக்கும் மின்ரம்பம். அந்த பிளேடில் பற்கள் நெருக்கமாக இருக்கும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குல பிளேடில் 80 முதல் 100 வரை இருக்கலாம். ஒரு பல் மூலைகள் சரிக்கப்பட்டும் அடுத்த பல் தட்டையாகவும் மாறி மாறி அமைந்திருக்கும். பற்கள் சுழலும் திசைக்கு எதிராகச் சற்றுப் பின்சாய்ந்திருக்கும். இந்தப் பின்சாய்வுதான் மெல்லிய அலுமினியத்தை பிளேடு கவ்வி இழுக்காமல் காக்கிறது. மரத்துக்கான பிளேடும் கார்பைடுதானே என்று அதையே பயன்படுத்துபவர்கள் உண்டு. அதன் பற்கள் முன்சாய்ந்தவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. ரெயிலின் சுவர் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே விழுந்து மாட்டிக்கொண்டால் துண்டு பறக்கும். பிளேடுக்கான செலவை இந்த ஒரு வேலைக்காகத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மைட்டர் ஸாவின் வெட்டகலத்தையும் பார்க்க வேண்டும். ஃபெஸ்டூல், மகீட்டா வகை ரெயில்கள் சுமார் 180 முதல் 190 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. முன்னும் பின்னும் நகராத பத்து அங்குல மைட்டர் ஸாவால் இந்த அகலத்தை ஒரே வெட்டில் கடக்க முடியாது. நகரும் வகை வேண்டும், இல்லையேல் பெரிய மெஷின் வேண்டும். பாதி அறுத்துவிட்டு ரெயிலைத் திருப்பி மறுபாதியை அறுப்பது முடியாததல்ல, ஆனால் இரண்டு வெட்டுகளும் சந்திக்கும் இடத்தில் படி விழும். அது மேட்டின் மேலோ காடியின் வாயிலோ விழுந்தால் அரத்துக்கு வேலை கூடும்.

பிளஞ்ச் ஸாவைக் கொண்டே ரெயிலை அறுக்கவும் முடியும். 160 அல்லது 165 மில்லிமீட்டர் அளவில் அலுமினியத்துக்கான பிளேடு கிடைக்கிறது; வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் மெஷினின் கையேட்டில் அலுமினியத்துக்குச் சொல்லியிருக்கும் வேகத்தில் வைக்க வேண்டும். ஆனால் அறுபடும் ரெயிலின் குறுக்கே இன்னொரு ரெயிலை வைத்தாக வேண்டும், அது கீழே உள்ள ரெயிலின் மேட்டில் ஏறி நின்று ஆடும். மேட்டின் உயரத்துக்குச் சமமான பலகைத் துண்டுகளை இருபுறமும் அண்டக்கொடுத்து மேல் ரெயிலைச் சமமாக உட்கார வைத்த பிறகே கிளாம்ப் போட வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல முறைதான்.

கையால் அறுக்கும் ஹேக்ஸாவை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு ரெயிலை ஒரே ஒரு முறை அறுப்பதற்கு அது முற்றிலும் போதுமானது. ரெயிலின் சுவர்கள் மெல்லியவை என்பதால் அங்குலத்துக்கு 24 பற்கள் உள்ள பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள்; எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்களாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஃபிரேமின் ஆழம் ரெயிலின் முழு அகலத்துக்குப் போதாது என்பதால் இருபுறத்திலிருந்தும் அறுத்து நடுவில் சேர வேண்டியிருக்கும். கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் எடுத்தால் முனை திருத்தமாக வரும்.

ஆங்கிள் கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். இரும்புக்கான கட்டிங் டிஸ்க்கில் அலுமினியம் உருகி அப்பிக்கொள்ளும், டிஸ்க் சூடேறி உடைந்து சிதறும் அபாயம் உண்டு, அறுபட்ட முனையோ உருகி வழிந்த பிசிரோடு காடியையே அடைத்துவிடும். ஜிக் ஸா உலோக பிளேடோடு அறுக்கும் என்றாலும், மேட்டில் ஏறி இறங்கும்போது அதன் அடித்தட்டுக்குச் சமதளம் கிடைக்காது.

இவை எதுவும் கைவசம் இல்லையென்றால், அலுமினிய ஜன்னலும் கதவும் செய்யும் கடைக்குப் போங்கள். அங்கே உள்ள பெரிய கட்டிங் மெஷினில் சரியான பிளேடு ஏற்கெனவே மாட்டியிருக்கும். ஒரு வெட்டுக்கு அவர்கள் கேட்கும் கூலி புதிய பிளேடின் விலையோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. ஆனால் இரண்டு விஷயங்களை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரெயிலை ஜன்னல் செக்ஷன்போல் ஒரே பக்கக் கிளாம்ப்பால் நசுக்கிப் பிடிக்கக் கூடாது. அறுத்த முனையைக் கிரைண்டரில் காட்டித் தேய்த்துத் தரவும் கூடாது. பிசிரை நீங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிவந்துவிடுங்கள்.

அறுத்தல்

கோடு விழும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி, ரெயிலின் நீண்ட விளிம்பில் மூலைமட்டத்தை அழுத்திவைத்து அதன் மேல் கோடு போடுங்கள். ரப்பர் பட்டையின் விளிம்பில் மூலைமட்டத்தை வைக்கக் கூடாது, அது அமுங்கும். அலுமினியத்தின் விளிம்பே அடிப்படை. கோட்டின் எந்தப் பக்கத்தில் பிளேடு ஓட வேண்டும் என்பதையும் பென்சிலால் கோடிட்டுக் குறித்துவிடுங்கள். மெஷின் செங்கோணத்தில் நிற்கிறதா என்பதை அகலமான மரத்துண்டு ஒன்றை முதலில் அறுத்து மூலைமட்டத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மீட்டர் ரெயிலின் இரு முனைகளுக்கும் மெஷினின் மேசை உயரத்துக்குச் சமமாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். முனை தொங்கினால், அறுப்பு முடியும் நேரத்தில் வெட்டின் வாய் மூடி பிளேடைக் கவ்வும், அல்லது கடைசியாக மிஞ்சும் மெல்லிய சுவர் அறுபடாமல் மடிந்து முறியும். ரெயிலின் அடிப்புறம் தட்டையானதல்ல என்பதால், நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்பும் தடிமனுள்ள மெல்லிய பிளைவுட் துண்டை அடியில் கொடுத்து, அதோடு சேர்த்தே அறுப்பது மிக நல்லது. அந்தத் துண்டு, சுவர் அதிராமல் தாங்குவதோடு அடிப்புறப் பிசிரையும் பாதியாகக் குறைக்கும். மெஷினின் பின்புறத் தடுப்புக்கும் ரெயிலுக்கும் நடுவே இன்னொரு மரத்துண்டைக் கொடுங்கள். கிளாம்ப் போடும்போது மேட்டின் மேல் போடாமல் பக்கத்திலுள்ள சமதளத்தில், மரத்துண்டு ஒன்றை இடையில் வைத்து, நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பிளேடின் பற்களிலும் அறுபடும் கோட்டிலும் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் பற்களில் ஒட்டாது. மண்ணெண்ணெயும் எண்ணெய் ஸ்பிரேயும் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் பட்டை ஒட்ட வேண்டிய இடத்துக்கு அவை பரவிவிட்டால் பின்னர் பசை பிடிக்காது. சூடான மோட்டாருக்கு அருகே மண்ணெண்ணெய் தெளிப்பதும் அறிவுடைமை அல்ல. மெஷினின் தூசுப் பையையும் முன்னதாகக் கழற்றிக் காலி செய்துவிடுங்கள். சூடான அலுமினியத் துகள் மரத்தூள் நிறைந்த பைக்குள் போய்க் கனன்றால், தீ பல மணி நேரம் கழித்துக்கூட வெளியே தெரியலாம்.

கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். துகள்கள் மரத்தூளைப்போல் மிதந்து வருவதில்லை, சூடாகக் குத்தும். சுழலும் பிளேடுக்கு அருகே கையுறை கூடாது, வேட்டியும் லுங்கியும் கூடாது. பிளேடு முழு வேகத்தை அடைந்த பிறகே ரெயிலைத் தொட வேண்டும். மரத்தை அறுக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவாக, ஆனால் நிறுத்தாமல், ஒரே சீராக இறக்குங்கள். முக்கால்வாசி அறுபட்ட பிறகு இன்னும் மெதுவாக்குங்கள். நகரும் மெஷினாக இருந்தால், பிளேடை உங்கள் பக்கம் முழுவதும் இழுத்து, கீழே இறக்கி, பின்னோக்கித் தள்ளியபடி அறுக்க வேண்டும். அறுத்து முடிந்ததும் பிளேடை உடனே மேலே தூக்காதீர்கள். சுவிட்சை விட்டு, பிளேடு முழுவதும் நின்ற பிறகு தூக்குங்கள். அறுபட்ட துண்டு லேசாக நகர்ந்திருந்தால், ஏறிவரும் பற்கள் அதன் மூலையைக் கடித்துவிடும்.

பிசிர் நீக்குதல்

இந்தப் பகுதிக்கு அறுப்பைவிட மூன்று மடங்கு நேரம் ஒதுக்குங்கள். சன்னமான தட்டை அரம், முக்கோண ஊசி அரம், பழைய பல்துலக்கும் பிரஷ் ஆகியவை போதும். அலுமினியம் அரத்தின் பற்களுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த துணுக்கு அடுத்த இழுப்பில் ஆழமான கீறல் போடும். தொடங்குமுன் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

முனையின் தட்டை முகத்தை ஒருமுறை சமன்செய்துவிட்டு மேட்டுக்கு வாருங்கள். மெஷினின் அடித்தட்டில் உள்ள பள்ளம் இந்த மேட்டின் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டித்தான் ஓடுகிறது; ஆட்டத்தை நீக்கும் திருகுகள் அந்தச் சுவர்களைத்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆகவே சுவரின் மேல் நீண்டு நிற்கும் பிசிரை மட்டும் எடுக்க வேண்டும், சுவரையே தேய்த்து மெலியவைத்துவிடக் கூடாது. அரத்தைச் சுவரோடு படியவைத்துத் தேய்க்காமல், முனையின் மூலையில் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வைத்து, அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சரிவு கொடுங்கள். மெஷினை ரெயிலில் ஏற்றும்போது அந்தச் சரிவே வழிகாட்டும்.

காடிகளின் உட்புறம்தான் பலரும் தவறவிடும் இடம். வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாகத் தெரியும். இணைப்புக் கம்பியை நுழைத்தால் இரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஊசி அரத்தைக் காடிக்குள் விட்டு, உதடுகளின் உட்பக்கத்தையும் மேற்கூரையையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டாம். புதிதாக அறுத்த அலுமினியத்தின் விளிம்பு சவரக் கத்திக்குக் குறைந்ததல்ல. பஞ்சுத் துண்டால் துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டும் இடத்தில் பிசிர் இருக்கிறது.

ரெயிலின் அடிப்புற மூலைகளையும் விட்டுவிடக் கூடாது. மைக்கா ஒட்டிய பலகையின் மேல் ரெயிலை நகர்த்தும்போது, அந்த மூலையில் மிஞ்சிய சிறு கூர்மை போடும் கீறலை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. நான்கு மூலைகளையும் லேசாக உருட்டிவிடுங்கள். கடைசியில் பிரஷ்ஷால் காடிகளைத் தட்டிச் சுத்தம் செய்து, வேக்குவம் கிளீனரால் இழுத்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காற்றடித்து ஊதினால் துகள்கள் உரித்துவைத்த பட்டையின் பசைமேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

கிளாம்ப், இணைப்புக் கம்பி, மெஷின் ஆகிய ஒவ்வொன்றையும் அறுத்த முனை வழியாக நுழைத்துப் பார்த்த பிறகே பட்டைகளுக்குப் போகலாம்.

பட்டைகளைத் திரும்ப ஒட்டுதல்

பழைய பசையின் எச்சத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். பெயின்ட் கடைத் தின்னர் பசையைக் கரைக்கும், கூடவே ரப்பரையும் பிளாஸ்டிக் பட்டையையும் இளக்கிவிடக்கூடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அலுமினியம் காய்ந்த பிறகு, உரித்த ரப்பர் பட்டையை அது முன்பு உட்கார்ந்திருந்த படியிலேயே, இழுக்காமல், விரலால் அழுத்தி ஒட்டி, முனையில் மிஞ்சுவதைக் கத்தியால் வெட்டுங்கள்.

இணைத்துப் பயன்படுத்தப் போகும் ரெயிலானால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரு துண்டுகளுக்கும் நடுவே விடப்படும் இடைவெளியில் ரப்பர் பட்டை இல்லாவிட்டால், அந்த இரண்டு மில்லிமீட்டரில் மட்டும் மைக்கா பொரிந்து வெட்டில் புள்ளியாகத் தெரியும். ஒரு துண்டின் பட்டையை அந்த அளவுக்கு நீட்டிவிட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். பட்டையை வெட்டிய இடத்தில் அதற்கு நீளம் போதாது என்பதால், அந்தத் துண்டுக்கு மட்டுமாவது புதிய பட்டை தேவைப்படும்.

புதிய ரப்பர் பட்டை ஒட்டினால் அதன் உதடு பிளேடின் பாதைக்குள் நீண்டு நிற்கும். இரண்டு துண்டுகளையும் நேராக இணைத்துப் பூட்டி, வீணான பிளைவுட்டின் மேல் வைத்துக் கிளாம்ப் போட்டு, மரத்துக்கான பிளேடை மாட்டி, பலகைக்குள் சில மில்லிமீட்டர் மட்டும் இறங்கும்படி ஆழத்தை அமைத்து, ஒரே மூச்சில் முனையிலிருந்து முனைவரை ஓட்டினால் உதடு உங்கள் மெஷினின் பிளேடுக்குப் பொருத்தமாக வெட்டுப்பட்டுவிடும். இதைச் செய்வதற்கு முன் அடித்தட்டின் ஆட்டத்தை நீக்கும் திருகுகளைச் சரிசெய்துவிட வேண்டும். பிறகு சரிசெய்தால் பிளேடு வேறு கோட்டில் ஓடும்.

இணைத்துச் சரிபார்த்தல்

இணைக்கும்போது தொழிற்சாலையில் அறுத்த முனைகளை நடுவிலும், நீங்கள் அறுத்த முனைகளை வெளியிலும் வைப்பது வசதி. 32 மில்லிமீட்டர் துளை ரெயிலுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் அறுத்த முனைகளே ஒன்றையொன்று பார்க்க வேண்டும். எப்படி வைத்தாலும் முனைகளை முட்டவைக்காதீர்கள். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் (துளை ரெயிலில் முன்பு சொன்ன 3 மில்லிமீட்டர்) இடைவெளி இருந்தால்தான் ரெயிலின் திசையை நீண்ட விளிம்புகள் தீர்மானிக்கும். முட்டினால் முனைகளின் சாய்வு தீர்மானித்துவிடும். முனை சற்றுச் சாய்ந்திருந்தாலும் கெடுதல் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம்.

சமதளத்தில் இரண்டு துண்டுகளையும் வைத்து, இணைப்புக் கம்பிகளைப் பாதிக்குப் பாதி நுழைத்து, முன்பே கிழித்துவைத்த எம்டிஎஃப் பட்டையை ரெயிலின் பின்விளிம்பில் அழுத்திக் கிளாம்ப் போடுங்கள். கம்பியின் திருகுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக இறுக்காமல், இணைப்பின் இருபுறமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கை இறுக்கத்துக்கு மேல் கால் திருப்பு போதும். அதற்கு மேல் இறுக்கினால் திருகின் முனை அலுமினியத்தில் குழி போடுவதோடு, காடியின் உதடு விரிந்து ரெயில் அந்த இடத்தில் மேல்நோக்கிப் புடைக்கும்; இணைப்பைத் தாண்டும்போது மெஷின் துள்ளுவதற்கு அதுவே காரணம்.

இனிச் சோதனை வெட்டு. ஒரே வெட்டில் பிரிந்த இரண்டு துண்டுகளை மறுபடி சேர்த்துவைத்து, பொருந்துகிறது என்று திருப்தி அடைவது பயனற்றது. வெட்டு வளைந்திருந்தாலும் ஒன்றின் குழிவில் மற்றதன் புடைப்பு அப்படியே உட்காரும். இரண்டு தனித்தனிப் பலகைகளை எடுத்து, இரண்டிலும் ரெயில் படிந்திருந்த பக்கத்தின் விளிம்பையே வைத்துக்கொண்டு, அந்த இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் இரண்டும் குழிந்துள்ளன. முனைகளில் தெரிந்தால் இரண்டும் புடைத்துள்ளன. தெரியும் இடைவெளியில் பாதிதான் ரெயிலின் கோணல். எட்டடி நீளத்தில் அது கால் மில்லிமீட்டருக்குள் அடங்கினால் கேபினெட் வேலைக்குப் போதும். அதற்கு மேல் போனால் இணைப்பின் ஒரு பக்கத்துத் திருகுகளை மட்டும் தளர்த்தி, எம்டிஎஃப் பட்டையை மீண்டும் விளிம்போடு சேர்த்து, இறுக்கி, மறுபடி வெட்டிப் பாருங்கள்.